பழைய நாடகப் புத்தகம்: தாள் தாளாகக் கழன்று வருகிறது, தைக்கலாமா?

ஹட்டன் டீச்சர்:
எங்கள் தாத்தா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குப் புறப்பட்ட துரை இந்தப் புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். விக்டோரியா ராணி காலத்து லண்டன் அச்சு. ஷேக்ஸ்பியர் நாடக வேடங்களில் நடிகர்கள் நிற்கும் படங்கள். தாத்தாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் மாசியில் காமன் கூத்து வந்தால் இதை விரித்து வைத்துக்கொண்டுதான் மன்மதன் கிரீடத்துக்கு அட்டை வெட்டுவார்.

மேலட்டை கருஞ்சிவப்புத் துணி. அதில் மேடைத் திரையும் இரண்டு முகமூடிகளும் தங்கத்தில் பதித்திருக்கிறது, தடவினால் பள்ளம் தெரியும். தாளின் மூன்று ஓரமும் தங்கம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வெங்காயச் சருகு போல ஒரு தாள்.

போன மழையிலிருந்து தாள்கள் கழல்கின்றன. முதுகுக்குள் நூலே இல்லை, மண்ணிறத்தில் ஏதோ பொருக்காக உதிர்கிறது. டவுனில் ஓரமாகத் துளை போட்டுத் தைத்துத் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதுளை பைண்டர்:
வேண்டாம் டீச்சர். நூல் முதலிலிருந்தே இல்லை. உதிர்வது இறப்பர். 1836இல் வில்லியம் ஹன்கொக் காப்புரிமை வாங்கிய முறை: தாள்களைத் தனித்தனியாக அடுக்கி, முதுகில் இறப்பர் கரைசல் பூசி ஒட்டுவது. தகட்டில் செதுக்கி அச்சிடும் படங்கள் ஒற்றைத் தாளில் அச்சாகும், தைப்பதற்கு மடிப்பு இருக்காது. ஒட்டினால் புத்தகம் மேசையில் மட்டமாக விரியும். தாத்தா விரித்து வைத்து வேலை செய்ய முடிந்ததும் அதனால்தான். வருடம் போகப் போக இறப்பர் காய்ந்து நொறுங்கிவிடும். இப்போது ஓரத்தில் தைத்தால் பிறகு சரியாக விரியாது. இழுத்து விரித்தால் தையல் பக்கமாகத் தாள் முறியும்.

கேகாலை மாமா:
நம் நாட்டுக்கு இறப்பர் கன்று வந்ததே 1876இல், ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு. அதற்கு 40 வருடம் முன்பே இங்கிலாந்தில் இறப்பரை வைத்துப் புத்தகம் ஒட்டியிருக்கிறார்கள்! பால் வெட்டிய குடும்பம் நாங்கள், எனக்கு இது புதுச் செய்தி.

ஹட்டன் டீச்சர்:
நன்றி அண்ணா. ஒரு தாளில் செலோடேப் ஒட்டியிருக்கிறது, பிய்க்கவா? தங்கத்தை ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதுளை பைண்டர்:
இரண்டும் வேண்டாம். பிய்த்தால் அச்சும் சேர்ந்து வரும். மேலட்டைத் தங்கம் முட்டை வெள்ளைக்கரு பூசி, தங்க இலை வைத்து, சூடான பித்தளை அச்சால் அழுத்தியது. ஈரம் பட்டால் துணியின் கஞ்சியும் சாயமும் கிளம்பும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும். சருகுத் தாளை எறிந்துவிடாதீர்கள், படத்தின் மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டாமல் காப்பது அதுதான். படங்களில் பெரும்பாலும் பக்க எண் இருக்காது. எது எந்தப் பக்கத்துக்கு எதிரே என்று தனிக் கடதாசியில் எழுதி, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரி வேண்டாம், ஈரம் ஏறும். பழைய இறப்பரைச் சுரண்டி எடுத்து, வளைந்து கொடுக்கும் பசையால் திரும்ப ஒட்டலாம். கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் ஆள் விசாரியுங்கள்.

ஹட்டன் டீச்சர்:
சரி அண்ணா. ஒரு ராஜா படத்தில் கிரீடத்தைச் சுற்றித் தாத்தா பென்சிலால் அளவு குறித்திருக்கிறார். அதையும் சுத்தம் செய்துவிடுவார்களா?

பதுளை பைண்டர்:
கொடுக்கும்போதே அந்தத் தாளைக் காட்டி, அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.