மங்குச் சாமான்: ‘மங்கு’ எங்கிருந்து வந்தது?

வணக்கம். காரைக்குடிப் பக்கம் எனாமல் பூசிய பாத்திரங்களை ‘மங்குச் சாமான்’ என்கிறோம். இந்த ‘மங்கு’ எம்மொழிச் சொல்?

மலாயில் ‘மங்குக்’ என்றால் கிண்ணம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன நம் முன்னோர்கள் பாத்திரத்தோடு பெயரையும் கப்பலேற்றி வந்தார்கள் என்பது என் ஊகம். தமிழ் ‘மங்கு’ ஒளி குறைவதையும் முகத்தில் படரும் கருமையையும் குறிக்கும். சோதிடரிடம் போனால் மங்கு சனி வேறு! கன்னடத்தில் மந்தம், தெலுங்கில் பிடிவாதம். கல்யாணச் சீரில் பளபளவென்று பரப்பும் சாமானுக்கு இவை பொருந்துமா?

உங்கள் வீட்டுப் பழைய சீர்ப் பட்டியலிலோ, பர்மா, மலேயாக் கடிதங்களிலோ ‘மங்கு’ என்று எழுதியிருந்தால், ஆண்டு தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். பெயர்களை மறைத்துவிடலாம். பீங்கான் கிண்ணத்தையும் மங்கு என்பார்களா என்று ஆச்சிமாரிடம் கேட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.