சோலார்பங்க்: 'வெயிற்பொதுமை' பொருந்துமா?

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சோலார்பங்க் (solarpunk) என்பது, சூரிய ஆற்றலோடும் இயற்கையோடும் இசைந்து மக்கள் கூடி வாழும் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் புனைவு வகைமை; அதையொட்டிய வாழ்முறைக்கும் அதுவே பெயர். அதற்குத் தமிழில் 'சூரியக் கலகம்' என்ற சொல்லை முன்வைத்த நண்பரின் மடலையும் அதற்கு வந்த மறுப்புகளையும் படித்தேன். ஓசை நயத்தைப் பேசுமுன், அச்சொல் எதை உள்ளே விட வேண்டும், எதை வெளியே நிறுத்த வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. அதற்கு எங்கள் இராமநாதபுரம் பகுதியிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு.

கமுதி அருகே சுமார் 2,500 ஏக்கரில், 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் 2016 முதல் இயங்குகிறது. வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் அது ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்து, மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் ஏறி வெளியே போய்விடுகிறது, சுற்றியுள்ள ஊரார் அதில் பங்காளிகள் அல்லர். இனி பாம்பன் சாலைப் பாலத்தைப் பாருங்கள். கேரியரில் மீன்பெட்டியைப் பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டிய வியாபாரி ஒருவர், கச்சான் என்னும் மேல்காற்று தூக்கி அடிக்கும் நாளில் இறங்கி, சைக்கிளைக் காற்று வரும் பக்கமாகச் சற்றே சாய்த்துப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார். உப்புக்காற்றில் செயின் துருவேறாமலிருக்கக் கழிவு ஆயில் பூசுவதும் பஞ்சர் ஒட்டுவதும் அவரேதான். அந்தச் சைக்கிளில் ஒரு சூரியத் தகடுகூட இல்லை. ஆயினும் பயன்படுத்துபவரே பழுதுபார்க்கக்கூடிய கருவி, புகையில்லாப் பயணம், நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் இடம் விடும் தெரு என்று சோலார்பங்க் விரும்புவன அனைத்திலும் அது இடம்பெறுகிறது. ஆகவே கமுதியை வெளியே நிறுத்திச் சைக்கிளை உள்ளே விடும் சொல்லே நமக்கு வேண்டும்; இதுவரை வந்தவற்றுள் 'சூரிய ஆற்றலியம்' இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது.

'கலகம்' என்பதை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்பது நம் வழக்கு. பெரியாரைக் கலகக்காரர் என்று பெருமையாகவே சொல்கிறோம். ஆனால் எங்கள் மாவட்டத்தில் 1957ஆம் ஆண்டின் முதுகுளத்தூர் சாதிக் கலவரம் இன்னும் மறக்கப்படவில்லை; மூத்தவர்களுக்குக் கலகம் என்றால் எரிந்த வீடுகள். அதைவிட முக்கியமாக, சோலார்பங்க் எதை எதிர்க்கிறது என்பதை மட்டும் அச்சொல் சொல்கிறது, எதைக் கட்ட விரும்புகிறது என்பதைச் சொல்வதில்லை.

எனவே 'வெயிற்பொதுமை' என்பதை முன்வைக்கிறேன். 'பொதுமை' என்ற பகுதி கமுதியைத் தடுக்கிறது, தெருவையும் சைக்கிளையும் அனுமதிக்கிறது. சைபர்பங்க் (கணினி யுகப் புனைவு), ஸ்டீம்பங்க் (நீராவி யுகப் புனைவு) ஆகியவற்றோடு சோலார்பங்க் என்ற சொல்லுக்குள்ள உறவு அறுந்துபோகிறதே என்று ஒரு நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. புனைவு வகைமையைக் குறிக்கும் இடத்தில் மூன்றையும் ஒலிபெயர்த்தே எழுதிவிட்டு, வாழ்முறையையும் ஊரமைப்பையும் பேசும் இடத்தில் மட்டும் 'வெயிற்பொதுமை'யை ஆளலாம் என்பது என் கருத்து. ஒரு மூலச்சொல்லுக்கு ஒரே கலைச்சொல் என்ற விதியை இது மீறுகிறதுதான். இருவேறு கருத்துகளை ஒரே சொல்லில் அடைப்பதைவிட இது மேல்.

'வெயிற்பொதுமைத் தெரு' என்பதை யாரும் அவசரத்தில் 'வெற்பொதுமைத் தெரு' என்று தவறாகத் தட்டச்சு செய்துவிடும் அளவுக்குச் சொல் நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'வெயில்' கொளுத்தும் வெப்பத்தையே நினைவூட்டும் என்ற மறுப்பும் வரலாம். உப்பும் கருவாடும் வெயிலால் விளையும் கரையிலிருந்து எழுதுவதால் எனக்கு அது குறையாகப் படவில்லை. நீலகிரி, கொடைக்கானல் நண்பர்கள் தங்கள் கருத்தை எழுதுங்கள்.