டிஸ்பெர்சன்ட்: ‘கரைப்பான்’ என்ற சொல்லுக்கு மறுப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

கடலில் கொட்டிய எண்ணெயின் மேல் தூவும் டிஸ்பெர்சன்ட் (dispersant) என்ற வேதிமருந்துக்குக் ‘கரைப்பான்’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. பாடநூல்களில் அச்சொல் வேறு பொருளில் (solvent) ஊன்றிவிட்டது என்பது சிறிய காரணம். பெரிய காரணம், எண்ணெய் இதில் கரைவதே இல்லை. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே உள்ள இழுவிசையை மருந்து குறைக்கிறது; அலை அடிக்கும்போது படலம் உடைந்து, நுண்துளிகளாகி, நீருக்குள் இறங்குகிறது. எண்ணெய் கடலைவிட்டுப் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. பறவைக்கும் கரைக்கும் வரவிருந்த கேட்டில் ஒரு பங்கு மீன்குஞ்சுகளுக்குப் போகிறது. ‘கரைத்தாயிற்று’ என்று படிப்பவர் பிரச்சினை தீர்ந்ததாகவே நினைப்பார்.

அரசுகள் இதில் காட்டும் கவனத்தைப் பாருங்கள். எண்ணெய்க் கசிவுகளைக் கையாள்வதற்கான அமெரிக்கத் தேசிய அவசரத் திட்டத்தின்படி, கடலோரத்தில் கடலோரக் காவல்படையும் உள்நாட்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் களப் பொறுப்பாளரை அமர்த்துகின்றன. அவர் பொதுவாகத் தன் விருப்பப்படி இதைத் தூவ முடியாது. முகமையின் பிரதிநிதியும் அந்த மாநிலமும் இசைய வேண்டும். மனித உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு உண்டு. அரசுப் பட்டியலில் ஒரு மருந்தின் பெயர் இருப்பது மட்டும் ஒப்புதல் ஆகாது.

பட்டறிவும் இருக்கிறது. 1967-இல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே தரைதட்டியபோது எண்ணெயைச் சிதறடிக்கச் சுமார் 10,000 டன் சலவைப் பொருளைக் கொட்டினார்கள். எண்ணெயைவிட அதுவே கரையோர உயிர்களை அதிகம் கொன்றது. அமெரிக்கத் திட்டம் அதற்கு மறு ஆண்டு பிறந்ததுதான்.

‘பால்மமாக்கி’ (emulsifier) என்பதும் பொருந்தாது. நீர் புகுந்து பழுப்பாகக் கெட்டிப்பட்ட எண்ணெயே இத்துறையில் பால்மம். அந்த நிலைக்குப் போனபின் மருந்து சரியாக வேலை செய்யாது. ‘சிதறடிப்பான்’ ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் எண்ணெயை நாலாபுறமும் பரப்புவது போன்ற தோற்றம் தருகிறது.

என் பரிந்துரை ‘சிதராக்கி’. பழந்தமிழில் ‘சிதர்’ மழைத்துளியையும் குறிக்கும், சிதறுவதையும் குறிக்கும். இந்த மருந்தின் வேலை முழுவதும் அந்த ஒரே சொல்லில் இருப்பதைக் கண்டபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சிதராக்கம், சிதராக்கிய எண்ணெய் என்று வளர்த்துக்கொள்ளவும் இடமுண்டு.

‘சிதராக்கி தூவ அனுமதி மறுப்பு’ என்று ஒரு செய்தித் தலைப்பில் வைத்துப் படித்துப் பாருங்கள். நாவில் இடறினால் சொல்லுங்கள். எண்ணெய் பரவாமல் இருக்க நீரில் மிதக்கவிடும் தடுப்புக்கு (boom) முன்மொழியப்பட்ட ‘மிதவேலி’யில் எனக்கு மறுப்பில்லை.