வேகக் கமராவை இயக்குவது தனியார் கம்பனி. அந்தக் கம்பனியைப் பார்ப்பது யார்?

வசந்தி, கிளேட்டன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் மெல்பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிபோல வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வழியில் பாதையோரமாக ஒரு சாதாரணக் கார் நின்றது. அதற்குள் வேகக் கமரா இருந்திருக்கிறது. மூன்று கிழமை கழித்துத் தபாலில் தண்டம் வந்தது. 60 கிலோமீற்றர் வலயத்தில் 67 என்று எழுதியிருக்கிறது. 14 வருடமாகக் கார் ஓட்டுகிறேன், இதுதான் முதல் தண்டம்.

அன்றைக்கு நல்ல களைப்பு. 67இல் வந்திருக்கவும் கூடும், மறுக்கமாட்டேன். தண்டத்தைக் கட்டலாம். ஆனால் அந்தக் காருக்குள் இருந்தவர் பொலிஸ் இல்லை, ஒப்பந்தக் கம்பனியின் ஆள் என்று மகன் சொன்னான். அதுதான் மனத்தில் நிற்கிறது. ஊரில் எத்தனையோ சோதனைச்சாவடியில் இறங்கி நின்றவள் நான். நம்மைப் பதிந்துவைப்பவரை யாராவது கேள்வி கேட்க முடியுமா என்பது எனக்குச் சின்ன விசயம் இல்லை. கம்பனி பிழை விட்டால் யாரிடம் போவது? அவர்களுக்குத் தண்டத்தின் எண்ணிக்கைப்படியா காசு?

தேவன், டீயர் பார்க்

தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்விதான். நான் 1989இல் இங்கே வந்தவன். 2003இல் மெல்பேர்ணின் வெஸ்டர்ன் ரிங் ரோட்டால்தான் தினமும் வேலைக்குப் போய்வந்தேன், அதனால் இந்தக் கதை எனக்கு நன்றாக ஞாபகம்.

ஒரு பெண்ணின் பழைய டட்சன் 120Y கார் அந்த ரோட்டில் மணிக்கு 158 கிலோமீற்றரில் ஓடியதாகக் கமரா பதிந்துவிட்டது. அவர் விடவில்லை. காரைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த வேகத்துக்குக் கிட்டப் போகவும் அதால் முடியாது என்று தெரிந்தது. அப்புறம்தான் அந்த ரோட்டுக் கமராக்களை நிறுத்தினார்கள். அரசாங்கம் ஏராளமான ஆட்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது. காரின் இயலாமை அவரைக் காப்பாற்றியது. அதே கமரா ஒரு புதுக் காரை 118 என்று பிழையாகப் பதிந்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? இதை நான் இன்றைக்கும் யோசிப்பேன்.

2010இல் மறுபடியும். ஹியூம் பிரீவேயில் இரண்டு இடத்துக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடும் கமராக்கள் 9 பேருக்குப் பிழையாகத் தண்டம் கொடுத்தன. அதையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு 2011இல் நம் விக்டோரியா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து, வீதிப் பாதுகாப்புக் கமரா ஆணையாளர் என்று ஒரு பதவி உருவானது. 2012இல் முதல் ஆணையாளராக வந்தவர் கோர்டன் லூயிஸ், கவுண்டி கோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஆணையாளர் பொலிசுக்கும் கம்பனிக்கும் கீழே இல்லை, பாராளுமன்றத்துக்கு அறிக்கை வைக்கிறவர். வருடத்துக்கு ஒருமுறையாவது கமராக்களின் துல்லியத்தை அவர் ஆராய வேண்டும். உங்களைப்போன்ற ஒருவரின் முறைப்பாட்டையும் எடுத்து விசாரிக்கலாம். ஆனால் உங்கள் தண்டத்தை இரத்துச் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. பலர் இது தெரியாமல் எழுதிவிட்டு ஏமாறுகிறார்கள்.

காசைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே கம்பனிக்குத் தண்டத்தின் எண்ணிக்கைப்படி காசு இல்லை. கார் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பொலிஸ் தீர்மானிக்கிறது, தண்டம் கொடுப்பதும் பொலிஸ்தான். இது பெரிய விசயம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கம்பனிக்கு ஒரு பங்கு போனது. 2012இல் அங்கே சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த ஒரு காருக்கு 38 மைல் வேகம் என்று டிக்கெட் போனது. அடுத்த வருடம் அந்தத் திட்டத்தையே நிறுத்த வேண்டி வந்தது. எண்ணிக்கைக்குக் காசு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், அதற்குமேல் எத்தனை பேர் மேற்பார்வை பார்த்தும் பிரயோசனம் இல்லை என்பது என் எண்ணம்.

செந்தில், டார்னீட்

தேவன் அண்ணா வரலாறு சொல்லிவிட்டார், நான் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். வசந்தி அக்கா, முதலில் தண்டக் கடிதத்தில் உள்ள எண்ணைப் போட்டு இணையத்தில் படத்தைப் பாருங்கள். கடிதத்தில் இரண்டு வேகம் இருக்கும்: கமரா பதிந்தது ஒன்று, உங்கள்மேல் சுமத்துவது ஒன்று. காரில் வைத்து இயக்கும் கமரா என்றால் 3 கிலோமீட்டர் கழிப்பார்கள், கம்பத்தில் இருப்பது என்றால் 2. படத்தில் உங்கள் காருக்குப் பக்கத்தில் வேறு வண்டி ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் குறிப்பிட்டு மறுபரிசீலனை கேளுங்கள்.

அப்புறம், வேக எல்லையை 10 கிலோமீட்டருக்குக் குறைவாகத் தாண்டியிருந்து, பல வருடமாகப் பதிவு சுத்தமாக இருந்தால், தண்டத்துக்குப் பதிலாக எச்சரிக்கை மட்டும் தரச் சொல்லிக் கேட்கலாம். காசு கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வசந்தி, கிளேட்டன்

இருவருக்கும் நன்றி. படத்தைப் பார்த்தேன். பதிந்தது 70, கழித்து 67. பக்கத்தில் வேறு கார் இல்லை. என் பிழைதான். எச்சரிக்கை தரச் சொல்லி நேற்று விண்ணப்பித்தேன்.

ஆனாலும் ஆணையாளருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன், தண்டத்தைப் பற்றி இல்லை. காரில் இருப்பவர் வேலை தொடங்கும் முன்பு கருவியை எப்படிச் சரிபார்க்கிறார், அந்தக் குறிப்பைக் கம்பனிக்கு வெளியே யார் வாசிக்கிறார் என்ற இரண்டே கேள்வி. தேவன் அண்ணா, அனுப்புவதற்கு முன் ஒருக்கால் வாசித்துத் திருத்தித் தருவீர்களா?