கராஜுக்குள் யாரோ கூப்பிட்டார்கள்

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். மூன்று வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார், ரிட்டயர் ஆனவர். பார்த்தால் கையசைப்பார், பனி கொட்டினால் எங்கள் வீட்டு நடைபாதையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார், அவ்வளவுதான் பழக்கம். அக்டோபர் பிறந்தால் மட்டும் ஆளே வேறு. மாசக் கடைசியில் ஹாலோவீன், பேய் வேஷம் போடுகிற பண்டிகை. அதற்காகக் கராஜையே பேய் வீடாக மாற்றுவார். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே சுத்தியல் தட்டிக்கொண்டிருப்பார். முன்னால் புல்தரையில் பன்னிரண்டு அடி எலும்புக்கூடு வேறு (2020-இல் ஹோம் டிப்போ கடையில் 299 டாலருக்கு விற்க ஆரம்பித்ததே, அதுதான்).

போன ஹாலோவீனுக்கு என் ஏழு வயது மகள் உள்ளே போயே ஆகவேண்டும் என்று நின்றாள். டிக்கெட் கிடையாது, இல்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஃபுட் பேங்குக்கு ஒரு டின் உணவு கொடுத்தால் போதும். வீட்டில் கொண்டைக்கடலை டின் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். குளிருக்கு ஜாக்கெட் போடு என்றதற்கு ஒரு அழுகை. சூனியக்காரி ஜாக்கெட் போடுவாளா என்று கேட்டாள், என்னிடம் பதில் இல்லை.

ஆறு மணி தாண்டியதுமே இருட்டிவிட்டது. பிவிசி குழாயில் சட்டம் கட்டி, கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு, இரண்டு கார் நிற்கிற இடத்துக்குள் நாலு திருப்பம் வைத்து ஒரு சந்து. புகை எந்திரத்திலிருந்து வருவது சூடான புகை என்பதால் மேலே ஏறிப் போய்விடும், அதை ஐஸ் பெட்டி வழியாக விட்டுக் குளிரவைத்திருக்கிறார், அதனால் அது தரையோடு படுத்துக் கிடந்தது. எனக்கு முழங்கால் வரை, அவளுக்கு இடுப்பு வரை. தன் கால் தனக்கே தெரியவில்லை என்றதும்தான் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கண்முழி கிடக்கிற மாதிரி ஒரு சட்டி, அதற்குள் கையை விடச் சொல்லி எழுதியிருந்தது. விட்டுப் பார்த்து, "அப்பா, தோலுரிச்ச திராட்சை" என்றாள் மெதுவாக.

நானும் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் பண்ணினேன். சவப்பெட்டி மூடி திறக்கும் முன்பே காற்று புஸ்ஸென்று வருவது கேட்கிறது பார், கால் வைத்த இடத்தில் சுவிட்ச் இருக்கிறது பார் என்று விளக்கிக்கொண்டே மூன்றாவது திருப்பத்துக்குப் போனோம். அங்கே எதுவுமே இல்லை. வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை. நின்றோம். காதுக்குப் பக்கத்தில், நிதானமாக ஒரு குரல், என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

இந்த ஊரில் என் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பா பெயர்தான். பேங்கில், டாக்டரிடம், எல்லா இடத்திலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பகலில் அது பழகிப்போச்சு. ஆனால் அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அம்மா கல்யாணமான நாளிலிருந்தே சொன்னதில்லை. இருட்டில் அதைக் கேட்டதும் "ஐயோ" என்று கத்திக்கொண்டு கையில் கிடைத்த ஷீட்டைப் பிடித்து இழுத்தேன், ஒரு குழாய் கழன்று என் தலையிலேயே விழுந்தது. கடைசியில் செயின் கழற்றிய செயின்சாவோடு, அதாவது மரம் அறுக்கிற எந்திரத்தோடு, ஒருவர் துரத்தினாராம். பெட்ரோல் வாசனை மட்டும் ஞாபகம் இருக்கிறது. மகள் வெளியே வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

பெரியவர் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு ஓடிவந்து அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். எங்கள் வீட்டுத் தபால் சில சமயம் அவர் பெட்டியில் விழும், கவரில் பார்த்த பெயராம். தெருவில் எல்லோருக்கும் இப்படி ஒன்று வைத்திருக்கிறார். சரியாக உச்சரித்தேனா என்று அக்கறையாக வேறு கேட்டார். சரிதான் என்றேன், கழன்ற குழாயையும் மாட்டிக் கொடுத்தேன். அது அப்பா பெயர் என்று சொல்லவில்லை.

மறுநாள் போனில் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ழ வந்துச்சா அவருக்கு?" என்று கேட்டாள். அப்பா முப்பது வருஷம் தமிழ் வாத்தியார். ல-தான் வந்தது என்றேன்.

"அப்ப உங்கப்பா திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாரு."