ஒரே ‘ஓம்’, மூன்று பொருள்: எப்படிப் படிப்பிப்பது?

வாவிக்கரை: மட்டக்களப்பில் சிங்கள அலுவலர்களுக்குப் பேச்சுத்தமிழ் படிப்பிக்கிறேன். நம்ம ‘ஓம்’ (ஆம்) எப்படி ஒலித்தாலும் சம்மதம் என்றே எடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

கல்லடி: சுருதியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, கேட்கப் பழக்குங்கள். குறுகி இறங்கினால் சம்மதம், ஏறினால் ‘அப்படியா?’. இழுபட்டு, கண்ணும் வேறெங்கோ போனால் அரைமனம். உடனே ‘எத்தனையாம் திகதி வருவீங்க?’ என்று கேட்கச் சொல்லுங்கள். நம்ம ‘மறுகா’வும் அப்படித்தான்: ஏறினால் ‘மேல சொல்லுங்க’, இறங்கினால் வெறும் ‘பிறகு’.

அக்கரைப்பற்று: பேச்சொலியை ஆராயும் பிராட் (Praat) மென்பொருளில் சுருதிக்கோட்டைக் காட்டுங்கள். அதில் வைக்கும் சுருதி எல்லை ஆண்குரலுக்கு 75–300 ஹேர்ட்ஸ், பெண்குரலுக்கு 100–500. எல்லை பிழைத்தால் கோடு திடீரென இரட்டிக்கும், அல்லது பாதியாகும்; அதை ஏற்ற இறக்கம் என்று நம்பிவிடுவார்கள். பதியும்போது மின்விசிறியை நிப்பாட்டுங்கள்.

கல்லடி: தொலைபேசிப் பயிற்சியும் வையுங்கள். தலையாட்டல் அங்கே தெரியாது; இடையிடையே ‘ம்’ போடாவிட்டால் லைன் அறுந்ததென்று ‘ஹலோ, ஹலோ’தான்.