ஊர்ப்புற நூலகர் ஐயா: அவரை அறிந்தவர்களின் நினைவுகள்

மன்னார்குடியிலிருந்து

எங்கள் பக்கத்து ஊர்ப்புற நூலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற நூலகர் சென்ற மாதம் காலமானார். தன் பெயர் எங்கும் அச்சில் வருவதை விரும்பாதவர். அதனால் நூலகர் ஐயா என்றே குறிப்பிடுகிறேன். அவரிடம் புத்தகம் வாங்கியவர்கள், திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். நூலகம் மதியம் மூடிய பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அவரோ மொபெட்டின் முன்பக்கம் ஒரு சாக்குப்பை நிறையப் புத்தகங்களை வைத்துக்கொண்டு குடியிருப்புகளுக்குக் கிளம்பிவிடுவார். ஏன் இந்த வேலை என்று கேட்டால் 1931க்குப் போய்விடுவார். அந்த ஆண்டுதான் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் நடத்தத் தொடங்கினார், தொடங்கிவைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன். நூலகங்களுக்காக அரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டு. “நூல்கள் பயன்பாட்டுக்கே என்று அவர் எழுதினார், நம்மூர்க்காரர் வண்டி கட்டினார்” என்பார் ஐயா. இதில் கொஞ்சம் ஊர்ப்பெருமையும் உண்டு. அரங்கநாதன் பிறந்த சீர்காழிக்காரர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

திருச்சியில் வசிக்கும் ஒரு வாசகி

என் அம்மா கைநாட்டு. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் குளத்தங்கரை மர நிழலில் சோறு சாப்பிடும் நேரம் பார்த்து ஐயா செய்தித்தாளோடு வந்துவிடுவார். முதலில் மேட்டூர் அணையின் நீர்மட்டம். ஜூன் 12இல் தண்ணீர் திறப்பார்களா, குறுவை போடலாமா என்பதுதான் அங்கே எல்லோருக்கும் வேண்டிய செய்தி. அதைப் படித்துவிட்டுத்தான் கதைப் புத்தகத்தை எடுப்பார். சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, “மிச்சம் நாளைக்கு” என்று மூடிவிடுவார். அம்மாவுக்குப் பொறுக்காது. ஒருநாள் என்னை நூலகத்துக்கு அனுப்பி அந்தப் புத்தகத்தை வாங்கி வரச் சொன்னார். அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். இரவு முழுக்க வாசிக்க வைத்தார். மறுநாள் குளத்தங்கரையில் ஐயா வாயைத் திறப்பதற்குள் அம்மாவே முடிவைச் சொல்லிவிட்டாராம். ஐயாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்ததாம்! என் உறுப்பினர் அட்டைக்கான காப்புத்தொகையைக் கட்டியது அவர்தான் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அரசு ஊழியர், தஞ்சாவூர்

அவரைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வந்த எங்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “வழிகாட்டியை மட்டும் தின்றுவிட்டுப் போகிறவர்கள்” என்று எங்கள் காதுபடவே சொல்வார். மேசையை நாங்களே பிடித்துக்கொண்டால் பெரியவர்கள் நாளிதழை எங்கே உட்கார்ந்து படிப்பார்கள் என்று சத்தம் போடுவார். எங்களில் பலருக்கு வீட்டில் ஒரு மின்விசிறி கூட இல்லை, வேறு எங்கே போவது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் தேர்வு நெருங்கிய நாட்களில் மாலையில் மூடும் நேரம் தாண்டியும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

வாசகர் வட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது. பெரும்பாலும் உள்ளூர்ப் பிரமுகர் தலைமை, சால்வை, தேநீர், நன்றியுரை. ஐயா நடத்திய வட்டத்தில் மேடை கிடையாது. யாராவது ஒருவர் தாம் படித்த புத்தகத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேச வேண்டும். படிக்காமல் வந்து பேசினால் கண்டுபிடித்துவிடுவார், “எத்தனாவது பக்கத்தில் ஐயா வருகிறது?” என்று மிகுந்த பணிவோடு கேட்பார். என் போன்ற வாத்தியார்கள் அங்கே பயந்துதான் பேசினோம். ஒரு தச்சர், வட்டார வழக்கு நாவல் ஒன்றில் கதவு செய்யும் முறை தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று விளக்கிய கூட்டம்தான் நான் கேட்டவற்றில் ஆகச் சிறந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப்போட்டது. தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன, மின்சாரம் வரப் பல நாள் ஆயிற்று. நூலகத்தின் ஓடு பறந்து புத்தக அடுக்குகள் நனைந்துவிட்டன. வாசகர் வட்டத்தார் களத்து மேட்டில் தார்ப்பாய் விரித்து, நெல்லைப் போலப் புத்தகங்களைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தோம். அப்போதுதான் அவர் செய்த ஒரு காரியத்தைப் பார்த்தேன். முதலில் காப்பாற்றச் சொன்னவை புதிய கட்டுகள் அல்ல. முதுகு கிழிந்து, தேதித் தாளில் முத்திரை இடமில்லாமல் நிரம்பிப்போன பழைய பிரதிகள். “புதுசு மறுபடியும் வரும். இதைத்தான் நாளைக்கு வந்து கேட்பார்கள்” என்றார். தேதித் தாள் வெறுமையாக இருக்கும் புத்தகத்தைக் கண்டால் அவர் முகம் சுண்டிப்போகும்.

கூத்தாநல்லூர் வாசகர்

கொரோனாவில் 2020 மார்ச்சில் நூலகங்களை மூடியபோது, அரசுப் புத்தகத்தை வெளியே தர முடியாது என்று தன் வீட்டு அலமாரியைத் திறந்துவிட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டில் யாருக்கு எது என்று குறிப்பு. அப்படி வாங்கிய இரண்டு புத்தகங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. யாரிடம் கொடுப்பது?

மன்னார்குடியிலிருந்து

வீட்டில் கேட்டேன். அந்த நோட்டு இருக்கிறதாம், உங்கள் பெயரும் இருக்கிறதாம். சொந்தப் புத்தகங்கள் எல்லாவற்றையும் நூலகத்துக்கே தந்துவிட்டார்கள். இப்போதிருக்கும் நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.